பொறுப்பு காலி இல்லை

உரிமம் வாங்கியே தீரவேண்டும் என்ற நிலை அவளுக்கு முதலாளியின் கண்ணால் வந்தது.

அவள் வேலை பார்த்த கட்டட வரைவு அலுவலகத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் முதலாளி ஒருவர்தான். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. கணக்குப் போடுவது, எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன் என்று முடிவு செய்வது, வெயிலில் போய் நின்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. சாயங்காலம் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய் மேஜைமேல் விரிப்பாள். முதலாளி தொலைபேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பல வருஷம் இப்படித்தான் ஓடியது. சர்க்கரை வியாதி முற்றிக் கண்ணைப் பிடித்த பிறகு அவர் கையெழுத்து கட்டத்தை விட்டு நகர ஆரம்பித்தது. முதலில் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அப்புறம் வரைபடத்திலிருந்த மாடிப்படியில் ஏறியது. ஒரு நாள் மேஜை விரிப்பிலேயே போட்டுவிட்டு, "ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

"சார், தாளு இந்தப் பக்கம் இருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இனிமே என்னால ஆகாது. நீ உரிமம் வாங்கிடு. இல்லன்னா இந்த ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான். உன்னை நம்பி வெளியே அஞ்சாறு பேரு உட்கார்ந்திருக்காங்க."

அந்த அஞ்சாறு பேரும், கட்டட வேலைக்காரர்களும் அவளை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், வந்தேன் என்று சொல்வதற்கு முன்னால் பையிலிருந்து, சாய்வு காட்டுகிற ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்துவிடுகிற பழக்கத்தால் வந்த பெயர். மருந்துக்கடை வைத்திருந்த அவள் புருஷன்கூட, கோபமில்லாத நேரங்களில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பத்து வருஷமா நீதானே போட்டுட்டு இருக்க. இப்பதான் உனக்குத் தெரியுமான்னு பார்க்கப் போறாங்களா?" என்றான் அவன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லங்க. ஜனங்க உள்ளே குடியிருக்கற விஷயம். யாரு வேணா போடலாம்னு விட முடியுமா?"

அவள் மனதார நம்பித்தான் அதைச் சொன்னாள்.

பொறியாளர் உரிம மன்றம் பழைய கடைவீதிக்குப் பின்னால் ஒரு நீளமான கட்டடத்தில் இருந்தது. வாசலில் காவலாளி கிடையாது. யாரையும் யாரும் தடுக்கவில்லை என்பது முதல் நாள் அவளுக்குப் பெருந்தன்மையாகத் தோன்றியது. நடைபாதை நெடுக, இரண்டு பக்கமும், உரிமம் பெற்றவர்களின் புகைப்படங்கள். சில இடங்களில் படத்தை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் மாட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிகளைத்தான் அதிகமாகத் துடைப்பார்கள் போலிருக்கிறது. நின்று பார்த்தால் பார்க்கிறவர் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. எங்கேயும் சத்தமில்லை. காற்றாடிகூட அடக்கித்தான் சுற்றியது.

சான்றிதழ் சரிபார்க்கிற எழுத்தர், துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். அவள் மதிப்பெண் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"புவியீர்ப்புன்னு தனியா ஒரு பாடம் காணோமே."

"தனியா கிடையாதுங்க. எல்லாப் பாடத்துலயும் அது வரும்."

"எல்லாத்துலயும் வரும்னு நான் எழுத முடியாதும்மா. கட்டடம் விழறதே அதனாலதான். அதைப் படிக்காதவங்களுக்கு உரிமம் குடுத்துட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. நீங்க படிச்ச வருஷங்கள்ல உங்க கல்லூரியில புவியீர்ப்பு நடைமுறையில இருந்ததுன்னு முதல்வர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க."

அவள் சிரித்தாள். எழுத்தர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கல்லூரி முதல்வர் ஆச்சரியப்படவே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். "விடுதியில தங்கிப் படிச்சியா, வீட்டுலேர்ந்து வந்தியா?" என்று கேட்டார். வீட்டிலிருந்துதான் என்றாள். "அப்ப சரி. விடுதியில அந்தக் காலத்துல புவியீர்ப்பு இருந்துச்சான்னு எனக்கு உறுதியாத் தெரியாது. வளாகம்னு மட்டும் போட்டுத் தரேன்."

அடுத்தது அனுபவம். அதை மன்றத்தின் செயலர் நேரில் விசாரிப்பார். வெளுத்த சட்டை, வெளுத்த மீசை, எழுந்து நின்று வரவேற்கிற மனிதர். அவள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"வேலை செஞ்சிருக்கீங்களா?"

"செஞ்சிருக்கேன் சார். ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு தண்ணித் தொட்டி, நிறைய வீடுங்க. கணக்கு எல்லாமே நான்தான் போட்டேன்."

செயலர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உரிமம் இல்லாமலா?"

"உரிமம் வாங்கத்தானே சார் வந்திருக்கேன்."

"உரிமம் இல்லாம பொறியியல் வேலை செஞ்சா மூணு வருஷம் உள்ளே போகணும். இப்ப நீங்க சொன்னது என் காதுல விழல. மறுபடி கேக்கறேன். வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அனுபவம் இல்ல. அனுபவம் இல்லாதவங்களுக்கு உரிமம் கிடையாது."

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட அசையவில்லை. செயலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவர் போல மெதுவாகப் பேசினார்.

"பதட்டப்படாதீங்க. எல்லாரும் இந்த இடத்துல தடுக்கி விழறதுதான். 'வேலை நடந்தது, நான் அங்கே இருந்தேன்.' எங்கே, சொல்லுங்க."

"வேலை நடந்தது. நான் அங்கே இருந்தேன்."

"யாரு செஞ்சாங்க?"

"நடந்தது சார்."

"ரொம்ப நல்லது. இந்தத் தொழில்ல முதல்ல கத்துக்க வேண்டியதே இதுதான். எதையும் யாரும் செய்யறதில்ல. எல்லாம் நடக்குது."

வீட்டுக்குப் போகிற வழியில், அவள் கணக்குப் போட்ட பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பேருந்து போகும். என்றைக்கும் தலையைத் திருப்பி அதன் நீளமான வராந்தாவை ஒரு தடவை பார்த்துவிடுவாள். அன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

தேர்வு வந்தது. மன்றத்தின் வரலாறு, தலைவர்களின் பெயர்கள், முத்திரையை எந்தக் கோணத்தில் குத்த வேண்டும் என்பது போன்ற கேள்விகளுக்குப் பிறகு, கடைசியாக ஒரே ஒரு கணக்கு. நாலு மாடிக் குடியிருப்பு. மேலே இவ்வளவு சுமை, கீழே இந்த மாதிரி மண். தரைத்தளத் தூணின் அகலம் என்ன? பாதித் தூக்கத்தில் கேட்டாலும் போடக்கூடிய கணக்கு. பதினைந்து அங்குலம் என்று எழுதிவிட்டு முதல் ஆளாக எழுந்து வந்தாள்.

தேறவில்லை.

விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். தேர்வு அதிகாரி காட்டினார். கணக்குக்கு எதிரே சிவப்பு மை. அதிகாரியின் விடைக்குறிப்பில் ஒன்பது அங்குலம் என்றிருந்தது.

"சார், ஒன்பது அங்குலம் இந்தச் சுமையைத் தாங்காது. நான் போட்டிருக்கற கணக்கைப் பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. "கணக்கு சரியா இருக்கும்மா. விடைதான் தப்பு."

"அது எப்படி சார்?"

"ஆரம்பத்துல யாரோ அச்சுக் கோக்கும்போது ஒன்பதுன்னு கோத்துட்டாங்க. எங்களுக்கும் தெரியும். ஆனா யோசிங்க. இந்த ஒன்பதை எழுதித் தேறினவங்கதான் இன்னிக்கு வெளியே அத்தனையும் கட்டிட்டு இருக்காங்க. இப்ப போய் பதினஞ்சுன்னு திருத்தினா, அவங்கல்லாம் தேறலன்னு ஆயிடும். அவங்க குடும்பம் குட்டி என்ன ஆகும்? ஒரு எண்ணுக்காக அத்தனை பேர் மனசைப் புண்படுத்தலாமா?"

அத்தனையும் என்று அவர் சொன்னபோது ஜன்னல் பக்கமாகக் கையைக் காட்டியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஊர் இருந்தது.

மறுதேர்வு நாளில் வாசற்படியில் ஒரு நரைத்த ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் அவரை நிரந்தரத் தேர்வர் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளைவிட மூத்த பிள்ளைகள் இருக்கும் வயசு. ஒவ்வொரு தடவையும் எழுதி, ஒவ்வொரு தடவையும் தவறுகிறவர்.

"கணக்குல மாட்டிக்கிட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்க. உங்களுக்கும் அதுதானா? ஒன்பதுன்னு எழுதினா தேறிடலாமாம்."

"தெரியும்மா. எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். வீட்டுல எழுதச் சொல்றாங்க, வரேன். பதினஞ்சுன்னு சரியா எழுதி வெச்சுட்டுப் போயிடறேன்."

"தெரிஞ்சே ஏன் தவற விடறீங்க?"

அவர் நடைபாதைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தேறினவங்க யாராவது இந்தப் பக்கம் மறுபடி வந்து சந்தோஷமாப் பேசி நீங்க பார்த்திருக்கீங்களா?"

மணி அடித்தது. அவளுக்கு அவர் பேச்சு பிடிபடவில்லை. தோற்றுத் தோற்று மனசு கசந்துபோன ஆள் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போனாள். முதலாளியின் கண்ணையும், வெளியே உட்கார்ந்திருக்கும் அஞ்சாறு பேரையும் நினைத்தாள். ஒன்பது என்று எழுதினாள். எழுதியபின் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டாள், பக்கத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

தேறிவிட்டாள்.

உரிமம் வழங்குகிற அன்று தலைவர் அறையில் ஐந்தாறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மன்றத்துக்காரர்களையும் அவளையும் தவிர வேறு யாரும் வரவில்லை. தலைவர் கனத்த மனிதர். பேச எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, மருத்துவர் தப்புப் பண்ணா ஒருத்தர் போறாரு. வக்கீல் தப்புப் பண்ணா ஒருத்தர் உள்ளே போறாரு. நம்ம தொழில்ல அப்படி இல்ல. அதனால நம்ம தொழிலோட உயிர்நாடியே பொறுப்புதான். ஒரு பொறியாளர் போயிட்டா அவரோட பொறுப்பு எங்கே போகும்? காத்துல கரைஞ்சுடுமா? விடமாட்டோம். இந்த மன்றத்துல ஒரு எண் காலியா இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. புது எண் போடறதை நாங்க நிறுத்தியே ரொம்ப காலமாச்சு. நூத்து நாப்பத்தாறு இனிமே உங்களோடது."

செயலரும் எழுத்தரும் கை தட்டினார்கள். எழுத்தர் அதே துக்கக் குரலில், நூற்று நாற்பத்தாறின் பொறுப்பில் உள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பன்னிரண்டு இருந்தன. நாலு மாடிக் குடியிருப்புகள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு பிரசவ மருத்துவமனை.

"இதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டது யாருங்க?" என்றாள்.

"நூத்து நாப்பத்தாறு," என்றார் எழுத்தர்.

"முன்னால அந்த எண்ல இருந்தவரைக் கேட்டேன். அவர் என்ன ஆனார்?"

எழுத்தர் செயலரைப் பார்த்தார். செயலர் தலைவரைப் பார்த்தார்.

"ஓய்வுன்னு வெச்சுக்குங்களேன்," என்றார் தலைவர். "கையெழுத்துப் போடுங்க. நல்ல நேரம்."

அலுவலகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு. முதலாளி அவள் கையைத் தடவிப் பிடித்து, அவளுடைய எண் பொறித்த புது முத்திரையை அதில் வைத்தார். புருஷன் கடையை ஒரு மணி நேரம் முன்னாலேயே சாத்திவிட்டு வந்தான். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ராத்திரி படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. பிரசவ மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று அந்தத் துக்கக் குரல் வாசித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரக் கடைசியில் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதலில் போனது அருகிலிருந்த ஒரு குடியிருப்புக்கு. நாலு மாடி, கீழே வண்டி நிறுத்துமிடம். தரைத்தளத்தில் ஒரே ஒரு வீடு. அதில் ஒரு தையல்காரம்மா. வாசல் நடையிலேயே இயந்திரத்தைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"கதவைச் சாத்த மாட்டீங்களா?"

"சாத்தினா திறக்காது, திறந்தா சாத்தாது," என்றாள் தையல்காரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தச்சர் வந்து மேல் விளிம்பை இழைப்புளி போட்டு இழைச்சுட்டுப் போவாரு. ரெண்டு மாசத்துல மறுபடி பிடிக்கும். மரம் உப்புதாம். இழைச்சு இழைச்சுக் கதவே குட்டையாப் போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிலைக்கு மேலே இருந்த உத்தரம் தொட்டில் துணி மாதிரி நடுவில் தொங்கியிருந்தது. ரசமட்டத்தை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். தூண்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மூலைத் தூணில் விரலால் தட்டினாள். டப் டப் என்று பொக்கையாகக் கேட்டது. பூச்சு கையோடு வந்தது. உள்ளே கம்பி துருவேறி இலை இலையாக உரிந்தது. கான்கிரீட்டில் மூலைக்கு மூலை சாய்வாக வெடிப்பு; உள்ளே சாவியை விட்டுப் பார்த்தாள், கைப்பிடிவரை போனது. அளவுநாடாவை எடுத்துத் தூணின் அகலத்தைப் பார்த்தாள். ஒன்பது அங்குலம்.

மேலே யாரோ ஏதோ கனமான சாமானை இழுத்தார்கள். அவள் தலைமேல் சுண்ணாம்பு உதிர்ந்தது.

நேரே மன்றத்துக்குப் போனாள். செயலர் எழுந்து நின்று வரவேற்றார். அவள் உட்காரவில்லை.

"சார், அந்தக் கட்டடம் தாங்காது. இன்னிக்கா, அடுத்த மாசமான்னு என்னால சொல்ல முடியாது. உடனே ஆளுங்களை வெளியேத்தணும். மன்றம் உத்தரவு போடணும்."

"ஆபத்துன்னு யாரு சொல்றது?"

"நான்தான். அதுக்குப் பொறுப்புள்ள பொறியாளர்."

"அங்கேதான் சிக்கல் வருது. அந்தக் கட்டடம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"எனக்கு முன்னால..."

"நூத்து நாப்பத்தாறு. இப்ப நல்லா இல்லன்னு சொல்றதும் நூத்து நாப்பத்தாறு. நீங்களே தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டு, நீங்களே வந்து குறை சொல்றீங்க. அப்ப உங்க பேச்சை எப்படி நம்பறது?"

"வேற ஒரு பொறியாளரை அனுப்பிப் பாருங்க சார்."

"ஒருத்தர் பொறுப்புல இன்னொருத்தர் தலையிடக் கூடாது. ஒழுக்க விதி." செயலர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நகர்த்தினார். குரல் இன்னும் கனிந்தது. "உங்களைப் பெத்த பொண்ணு மாதிரி நினைச்சுச் சொல்றேன். மன்றத்தோட வேலை கட்டடத்தைக் காப்பாத்தறது இல்லம்மா. கட்டடம் எவ்வளவோ வரும், போகும். விழுந்தா மறு நிமிஷம் யாரைக் கேக்கறதுன்னு ஜனங்களுக்குத் தெரியணும். அந்த ஆளைத் தயாரா வெச்சிருக்கறதுதான் எங்க வேலை. அதுக்குத்தான் இத்தனை படிப்பு, இத்தனை பரீட்சை. விழாதவரைக்கும் நீங்க நல்ல பொறியாளர். விழுந்தாலும் நீங்கதான் எங்களுக்கு வேணும். வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவள் தண்ணீரைக் குடிக்கவில்லை.

வீட்டில் புருஷன் முழுதும் கேட்டுவிட்டுக் கடைச் சாவியை ஆணியில் மாட்டினான். பிறகு சொன்னான்: "நீ உண்டாக்கின வினையா இது? உரிமத்தைத் திருப்பிக் குடுத்துடு. நமக்கு வேண்டாம்."

"குடுத்துடலாம். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து தச்சுட்டு இருப்பாங்க."

"நீ போய்ச் சொன்னா மட்டும் கேட்டுடுவாங்களா?"

கேட்கத்தான் இல்லை. மறுநாள் காலை மாடிப்படிக்குக் கீழே குடியிருப்புக்காரர்களைக் கூட்டி, தூணைக் காட்டி, வெடிப்பில் சாவியை விட்டுக் காட்டி, தொண்டை வறளப் பேசினாள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "நீங்க சொல்றதுக்கு என்னம்மா ஆதாரம்? எந்தக் கட்டடத்துலதான் வெடிப்பு இல்ல? மன்றத்துலேர்ந்து கடுதாசி இருக்கா?" இன்னொருவர், இடத்தைக் காலி பண்ண வைத்து மலிவாக வாங்கப் பார்க்கிற யாரோ அனுப்பிய ஆள் இவள் என்றார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. தையல்காரம்மா இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அப்போது அவள் முத்திரையைப் பையிலிருந்து எடுத்தாள்.

"நூத்து நாப்பத்தாறு. உங்க பத்திரத்துல இந்த எண்தான் இருக்கும், போய்ப் பாருங்க. இந்தக் கட்டடம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான். தூண் போதாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். பதினஞ்சு வேணும், ஒன்பதுன்னு எழுதினேன். உங்களை ஏமாத்திட்டேன். இது விழப் போகுது."

சொன்னதில் பாதி பொய், பாதி உண்மை. சொல்லும்போது எது எந்தப் பாதி என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பொறியாளராக நின்று பேசியபோது யாரும் நம்பவில்லை. குற்றவாளியாக நின்றபோது ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. கையைக் கட்டியிருந்த மூன்றாம் மாடிக்காரர் கையை அவிழ்த்து அவள் கன்னத்தில் அறைந்தார். தையல்காரம்மா எழுந்து வந்து, "என் வீட்டுக்காரர் உசிரை விட்டுச் சேர்த்த பணம்டி," என்று அவள் முடியைப் பிடித்து உலுக்கினாள். பிறகு எல்லோரும் மேலே ஓடினார்கள். பாய் படுக்கை, பாத்திரம், அலமாரி, கூண்டோடு கிளி எல்லாம் இறங்கி வந்தன. இருட்டுவதற்குள் கட்டடம் காலியாகிவிட்டது.

மன்றம் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது. பொறுப்பிலுள்ள பொறியாளர் ஒருவரைப் பொது இடத்தில் அவதூறு செய்தார் என்பது குற்றச்சாட்டு. "அந்தப் பொறியாளர் நான்தான்," என்று அவள் சொன்னதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்துகொண்டார்கள். உரிமம் பறிபோனது. தலைவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எண் காலியாகிவிட்டதே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வரும்போது நடைபாதையில் எழுத்தர் ஏணி போட்டு ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். போகிறவளுக்காகக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

குடியிருப்பு உறுதியாக இருக்கிறது, பீதியைக் கிளப்பியவர் நீக்கப்பட்டார், எல்லோரும் திரும்பலாம் என்று மன்றம் அறிவிப்பு ஒட்டியது. சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வாரத்தில் அலுத்துப்போய், திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள். தையல்காரம்மாதான் முதலில் போனாள். தையல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தாள். வண்டிக்காரன் கேட்ட கூலிக்கு அவள் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு வெளுத்துவிட்டது. தூசி அடங்கியபோது அங்கே வானம் இருந்தது.

விசாரணை முடிவைச் செயலர் அந்தத் தெருவுக்கே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடியிருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பான பொறியாளர் யாரும் பதவியில் இல்லை. பொறுப்பாளர் இல்லாமல் ஒரு கட்டடம் இடிய விதிகளில் இடமில்லை. ஆகவே கட்டடம் இடியவில்லை. மேற்படி குவியலுக்குள் உரிமம் இல்லாதவர்கள் நுழையக் கூடாது.

"அப்ப நாங்க எங்கே போறது?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான். யாரு தடுக்கறா?" என்றார் செயலர்.

அவள் இப்போது புருஷனின் மருந்துக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். முதலாளியின் அலுவலகம் இன்னும் நடந்தது; பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைத்து, முதலாளியின் கையைப் பிடித்துக் கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துக் கையெழுத்து வாங்கினார்களாம். ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் தையல்காரம்மா வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் வந்து, மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். முடியைப் பிடித்து உலுக்கியதைப் பற்றி இருவருமே பேசவில்லை. புருஷன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"நேத்து அங்கே ஒரு ஆள் வந்திருந்தாரு," என்றாள் தையல்காரம்மா. "சின்ன வயசு. புதுச் சட்டை. குவியலைப் பார்த்துட்டே ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் தரையில உட்கார்ந்துட்டாரு. யாருப்பா நீன்னு கேட்டேன். இதுக்கு நான்தான் பொறுப்புன்னாரு. இடிஞ்சதுக்கான்னு கேட்டேன். இல்லம்மா, இடியாததுக்குன்னாரு."

புருஷன் சிரிக்க வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான்.

"அவர்கிட்ட கேட்டேன். அந்த எண்ல இது மாதிரி இன்னும் இருக்குன்னு சொன்னாரு. பிள்ளைத்தாச்சிங்க படுத்திருக்கற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்காமே. நிஜமா?"

"நிஜம்தான்."

"அவர் போய்ச் சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாரு. குழந்தை குட்டி இருக்கும். அவரைக் குத்தம் சொல்ல முடியாது."

தையல்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே ஒரு லாரி போனது. அலமாரியில் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் கலகலத்தன. மூவருமே அது அடங்கும்வரை அசையாமல் இருந்தார்கள்.

"எனக்கு அந்த எண்ணும் இல்ல, உரிமமும் இல்லம்மா," என்றாள் அவள். "நான் போய் வாயைத் திறந்தா, நீ யாருன்னு கேட்டு அடிச்சுத் துரத்துவாங்க."

"அதான் நான் வந்தேன். நீங்க பேச வேண்டாம். தூணை மட்டும் எனக்குக் காட்டுங்க. பேசறதை நான் பேசிக்கறேன்." தையல்காரம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வீடு போனவளை யாரும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?"

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் கல்லாவிலிருந்து சில்லறையை அள்ளி அவள் கையில் கொட்டிவிட்டு, வண்டிச் சாவியையும் எடுத்தான்.

"பஸ்ஸுக்கு நின்னா இருட்டிடும். ரெண்டு பேரும் பின்னாடி நெருக்கி உட்காருங்க," என்றான்.